பத்து வளாகங்களும் ஒரு நூலகமும்: கலிபோர்னியாப் பல்கலைக்கழக நூலகங்களின் வரலாறு

நம் இலக்கிய வட்டம் தோன்றிய இப்பத்தாண்டுகளில் சேர்ந்த நூல்கள் இன்று உறுப்பினர் அறுவரின் இல்லங்களில் இருக்கின்றன. எவர் வீட்டில் எந்நூல் உள்ளது என்பது அந்தந்த வீட்டாருக்கே முழுமையாகத் தெரியாது. ஒரே நூலை மூவர் வாங்கி வைத்திருப்பதும், பலரும் தேடும் ஒரு நூல் ஒருவரிடமும் இல்லாதிருப்பதும் நாம் அறிந்த செய்திகளே. எல்லா நூல்களுக்கும் ஒரு பொதுப் பட்டியல் எழுத வேண்டும், மிகையான படிகளை விலக்கி எஞ்சியவற்றை ஓரிடத்தில் வைக்க வேண்டும் என்ற கருத்து சென்ற ஆண்டுப் பொதுக்குழுவில் எழுந்தபோது, இரு தரப்பிலும் சற்றுச் சூடாகவே பேசிவிட்டோம். தம் அலமாரி தம் கண்ணெதிரே இருந்தாக வேண்டும் என்றார் நம் மூத்த உறுப்பினர் ஒருவர். அவர் கூற்றில் உண்மை இல்லாமலில்லை.

அந்த விவாதம் என் மனத்தில் நெடுநாள் நின்றது. இதே வழக்கை நூறாண்டுக்கு மேலாகத் தன்னுள் நடத்திவந்த ஒரு பெரும் நிறுவனம் உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகமே அது. அரசு சார்ந்த பல்கலைக்கழகம், பத்து வளாகங்கள், நூறுக்கும் மேற்பட்ட நூலகங்கள், அவற்றில் நான்கு கோடிக்கும் மிகுதியான அச்சுத் தொகுதிகள். இவ்வளவையும் ‘ஒரே நூலகம்’ என்று அப்பல்கலைக்கழகம் இன்று கூறிக்கொள்கிறது. அக்கூற்று எவ்வாறு, எவற்றை இழந்து, மெய்யாயிற்று என்பதையே இக்கட்டுரையில் சொல்ல முயல்கிறேன்.

இரவலும் நன்கொடையுமாய்த் தொடங்கிய காலம்

கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தை நிறுவும் சட்டம் 1868 மார்ச் 23இல் ஒப்புதல் பெற்றது. ஓக்லந்து நகரில் அதற்கு முன்பே இயங்கிவந்த கலிபோர்னியாக் கல்லூரி என்னும் தனியார் கல்லூரி தன் நிலத்தையும் கட்டடத்தையும் நூல்களையும் புதிய பல்கலைக்கழகத்திற்கு ஈந்தது. நூலகத்தின் வித்து அச்சிறு தொகுப்பே. 1873இல் பல்கலைக்கழகம் பெர்க்கிலிக் குன்றின் அடிவாரத்திற்குக் குடிபெயர்ந்தது. நூல்களும் உடன் சென்றன.

1875இல் ஜோசப் ரோவெல் என்ற இளைஞர் நூலகர் பொறுப்பை ஏற்றார். அவர் முந்திய ஆண்டில்தான் அங்கேயே பட்டம் பெற்றவர். 1919 வரை, அதாவது நாற்பத்து நான்கு ஆண்டுகள், அப்பதவியில் இருந்தார். நூல்களை வகைப்படுத்தத் தாமே ஒரு முறையை வகுத்தார். பல்கலைக்கழகம் என்றால் பெர்க்கிலி, நூலகம் என்றால் ரோவெல் என்றிருந்த காலம் அது. எது எங்கே இருக்கிறது என்ற வினாவே எழவில்லை. எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருந்தன.

அக்காலத்து வரவுகளில் ஒன்றை மட்டும் விரித்துரைக்க விரும்புகிறேன். சான் பிரான்சிஸ்கோவில் ஹியூபர்ட் ஹோவ் பான்கிராப்ட் என்ற புத்தக வணிகர் இருந்தார். மேற்கு அமெரிக்கா, மெக்சிகோ, மத்திய அமெரிக்கா ஆகியவற்றின் வரலாறு பற்றிக் கிடைத்த நூல், கையெழுத்துப் படி, செய்தித்தாள், நிலப்படம் அனைத்தையும் பல்லாண்டுகள் விடாமல் திரட்டியவர். அத்தொகுப்பை 1905இன் இறுதியில் பல்கலைக்கழகம் இரண்டரை இலட்சம் டாலருக்கு வாங்க இசைந்தது. அதில் ஓர் இலட்சத்தைப் பான்கிராப்டே தம் கொடையாக விட்டுக்கொடுத்தார். நூல்கள் நகரத்திலேயே, வலென்சியாத் தெருவிலிருந்த செங்கற் கட்டடத்தில் இருந்தன. 1906 ஏப்ரல் 18 விடியலில் நிலம் நடுங்கிற்று. தொடர்ந்து மூண்ட தீ நகரின் பெரும்பகுதியை விழுங்கியது. பொது நூலகங்களும் தனியார் தொகுப்புகளும் சாம்பலாயின. பான்கிராப்டின் கட்டடம் மட்டும் தீயெல்லைக்குச் சற்று அப்பால் தப்பி நின்றது. சில வாரங்களில் நூல்கள் விரிகுடாவைக் கடந்து பெர்க்கிலியை அடைந்தன. ஒரு நிலத்தின் நினைவு முழுவதும் ஒரே கட்டடத்தில் ஒரே படியாக இருப்பது எத்துணை இடர்மிக்கது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. இடரிலிருந்து தப்பிய கதையை எல்லாரும் போற்றினர். அதன் மறுபுறத்தை எண்ணிப் பார்த்தவர் அன்று மிகச் சிலரே.

1911இல் டோ நூலகம் என்னும் மாபெரும் கட்டடம் திறக்கப்பட்டது. அதற்குப் பொருள் வைத்துச் சென்ற சார்லஸ் பிராங்கிளின் டோ கதவும் சன்னலும் செய்யும் ஆலையால் செல்வம் ஈட்டியவர். தம் பெயரில் இத்தனை பெரிய வாயில் ஒன்று அமையுமென்று அவர் எண்ணியிருப்பாரோ, அறியோம்.

தெற்கே ஒரு கிளை

1919இல் லாஸ் ஏஞ்சலஸ் நகரிலிருந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி ஒன்று பல்கலைக்கழகத்தின் தென்கிளையாக மாற்றப்பட்டது. பெயரே ‘தென்கிளை’தான். வடக்கத்திய பேராசிரியர்கள் அதனைக் கிளையாகவே நடத்தினர். தென்னகத்து மக்களோ தமக்கென ஒரு முழுப் பல்கலைக்கழகம் வேண்டினர். 1927இல் பெயர் மாறியது. 1929இல் வெஸ்ட்வுட்டில் புதிய வளாகமும் நூலகக் கட்டடமும் எழுந்தன. ஆனால் ஆய்வு நூல்கள் எங்கே? பெர்க்கிலியில். இரு நகரங்களுக்கும் இடையே அறுநூறு கிலோமீட்டர் தொலைவு. தெற்கே ஆய்வு செய்பவர் ஒரு நூலைக் காண இரவு முழுதும் இரயிலில் செல்ல வேண்டியிருந்தது.

1944இல் லாரன்ஸ் கிளார்க் பவல் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தின் நூலகரானார். 1961 வரை அப்பணியில் இருந்தார். நூலகத் துறையினருள் எழுத்தாளர் என்றும் பெயர் பெற்றவர். தனியார் தொகுப்புகளை முழுமையாக வாங்கிச் சேர்ப்பதில் அவருக்கு மிகுந்த விருப்பம். வடக்கே உள்ளதெல்லாம் தெற்கேயும் இருக்க வேண்டும் என்ற முனைப்பு அவர் காலத்தில் வலுத்தது. இன்று திரும்பிப் பார்த்து, ஒரே பல்கலைக்கழகம் ஒரே நூலை இரு முறை வாங்கியதென்று குறை சொல்வது எளிது. ஆயினும் அந்நாளைய மாணவனின் நிலையில் நின்று பார்த்தால் பவலைப் பழிக்க மனம் வரவில்லை. கைக்கெட்டாத நூல் பட்டியலில் இருந்து பயன் என்ன?

மூன்று பிறப்புகள், ஒரே பட்டியல்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் மாநிலத்தின் மக்கள்தொகை பெருகிற்று. டேவிஸ், ரிவர்சைட் ஆகிய இடங்களில் வேளாண்மை ஆய்வுக்கென இருந்த நிலையங்கள் முழு வளாகங்களாயின. சான்டா பார்பரா 1944இல் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்தது. 1958இல் தலைவரான கிளார்க் கெர் காலத்தில், 1960ஆம் ஆண்டின் பெருந்திட்டப்படி, சான் டியாகோ, இர்வைன், சான்டா குரூஸ் என மூன்று புதிய வளாகங்கள் உருவாக்கப்பட்டன.

இங்குதான் நூலக வரலாற்றில் ஒரு புதிய சிந்தனை புகுகிறது. மூன்று வளாகங்களும் கதவு திறக்கும் நாளில் மாணவர்க்குரிய அடிப்படை நூலகம் ஒவ்வொன்றிலும் ஆயத்தமாக இருக்க வேண்டும். மூவர் தனித்தனியே நூல் தெரிந்து, தனித்தனியே வாங்கி, தனித்தனியே அட்டை எழுதுவதா? சான் டியாகோவின் நூலகர் மெல்வின் வாய்ட் தலைமையில் ஒரே குழு அமைந்தது. ஒரே பட்டியலைக் கொண்டு ஒவ்வொரு வளாகத்திற்கும் எழுபத்தையாயிரம் தொகுதிகள் வீதம் வாங்கி, வகைப்படுத்தி, அட்டை எழுதி, மூன்று நூலகங்களையும் ஒருங்கே சமைத்தார்கள். அந்தப் பட்டியல் செம்மைப்படுத்தப்பட்டு 1967இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் வெளியீடாக வந்தது. அதன்பின் அந்நாட்டுக் கல்லூரி நூலகங்கள் பலவும் அதனையே துணையாகக் கொண்டன. தம் ஊர் வேலைக்காக எழுதிய பட்டியல் நாட்டுக்கே உதவியது.

இதில் எனக்கு ஒரு மனக்குறையும் உண்டு. ஒரே மூளை தெரிந்தெடுத்த நூல்கள் மூன்று ஊர்களிலும் இருப்பின், அம்மூளைக்குப் படாத நூல் மூன்று ஊர்களிலும் இராது. சிக்கனத்தின் விலை அது. அடிப்படை நூல்களுக்கு அவ்விலை தகும். ஆய்வு நூல்களுக்குத் தகாது. நல்லவேளையாக, அடிப்படைத் தொகுப்போடு நிறுத்திக்கொண்டு, மேற்கொண்டு வாங்குவதை அந்தந்த வளாகத்தின் விருப்பத்திற்கே விட்டார்கள்.

பெர்க்கிலியும் லாஸ் ஏஞ்சலஸும் ஆய்வுக்குரிய பெருநூலகங்கள், அவை எல்லா வளாகத்தார்க்கும் பொது என்ற கொள்கையும் இக்காலத்ததே. சிறு வளாகங்களிலிருந்து ஆசிரியர்களையும் ஆய்வு மாணவர்களையும் அப்பெருநூலகங்களுக்கு ஏற்றிச் செல்லப் பேருந்துகள் விடப்பட்டன. நூல் வாசகனிடம் வரும் காலம் பிறகு வந்தது. அதற்கு முன் வாசகனை நூலிடம் கொண்டு சென்றார்கள்.

கோதுமையும் தமிழ் நூலும்

இவ்விடத்தில் நமக்கு நெருங்கிய ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே செல்ல இயலவில்லை.

1950களிலும் 1960களிலும் இந்தியா அமெரிக்கக் கோதுமையை வாங்கி உண்டது. பொதுச் சட்டம் 480 என்ற சட்டத்தின்படி அதற்குரிய விலையை ரூபாயாகவே செலுத்தலாம். அந்த ரூபாய் இந்தியாவிலேயே தங்கிப் பெருகிக்கொண்டிருந்தது. அதில் ஒரு பகுதியைக் கொண்டு இந்திய நூல்களை வாங்கித் தம் நாட்டு நூலகங்களுக்கு அனுப்பலாம் என்று அமெரிக்கர் சட்டத்தைத் திருத்தினர். 1962இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் அலுவலகம் புதுதில்லியில் இத்திட்டத்தைத் தொடங்கியது. இந்திய மொழிகள் பலவற்றில் வெளிவந்த நூல்கள் வாங்கப்பட்டுத் திட்டத்தில் சேர்ந்த நூலகங்களுக்குப் படி வீதம் கப்பலேறின. தொடக்கத்திலேயே சேர்ந்தவற்றுள் பெர்க்கிலி நூலகமும் ஒன்று.

தமிழாராய்ச்சிக்குரிய நிலம் அங்கே முன்பே உழப்பட்டிருந்தது. நீலகிரியில் தோடர், கோத்தர் மொழிகளை 1930களில் ஆராய்ந்த எமனோ 1940 முதல் பெர்க்கிலியில் பேராசிரியராக இருந்தார். ஆக்ஸ்போர்டின் பரோவுடன் சேர்ந்து அவர் தொகுத்த திராவிட மொழிகளின் சொற்பிறப்பகராதி 1961இல் வெளியாயிற்று. 1970களின் நடுவிலிருந்து ஜார்ஜ் ஹார்ட் அங்குச் சங்க இலக்கியம் கற்பித்தார். தமிழன்பர்களின் நன்கொடையால் தமிழ்ப் பேராசிரியர் இருக்கையும் 1990களில் அமைந்தது. எனினும் நூலகத்தைப் பொறுத்தமட்டில், எவரும் கேட்டு வாங்காத நூல்களே பெரும்பான்மை. சென்னையிலும் மதுரையிலும் சிற்றூர் அச்சகங்களிலும் சில நூறு படிகளே அடிக்கப்பட்ட கவிதைத் தொகுதியும் நாவலும் சமய நூலும், வாசகர் யாரென்று தெரியாமலே, பசிபிக் கரைக்குச் சென்று சேர்ந்தன. நம் ஊரில் அவை எடைக்குப் போய்விட்டன. அங்கே அடுக்கில் நின்றன.

ஆனால் அவற்றைக் கண்டுபிடிப்பது எளிதன்று. அட்டைகளில் தமிழ்த் தலைப்பு உரோமன் எழுத்தில் பெயர்க்கப்பட்டது. அம்முறை ஒலியைப் பின்பற்றாது; எழுத்தைப் பின்பற்றும். எனவே சங்கம் என்ற சொல்லை ‘எஸ்’ என்ற எழுத்தில் தேடினால் கிடைக்காது, ‘சி’யில் தேட வேண்டும். தலைப்பில் வரும் காந்தி, ‘ஜி’யில் இரார், ‘கே’யில் இருப்பார். ல, ள, ழ மூன்றுக்கும் ‘எல்’ ஒன்றே. கீழே புள்ளியும் கோடும் இட்டு வேறுபடுத்துவர். கணினி வந்தபின் பல திரைகளில் அப்புள்ளியும் கோடும் உதிர்ந்தன. அலை, அளை, அழை மூன்றும் ஒன்றாயின. தமிழறிந்தவன் தன் மொழி நூலைத் தேடத் தன் செவியை மறக்க வேண்டியிருந்தது என்பதைச் சற்று வருத்தத்துடனேயே பதிவு செய்கிறேன். தமிழெழுத்திலேயே தேடும் வழி பின்னாளில் வந்தது. ஆயினும் பழைய பதிவுகள் பல இன்றும் உரோமன் உடையிலேயே உள்ளன.

சால்மன் திட்டம்

1970களில் செழிப்பு குன்றியது. நூல்விலை ஏறியது, அடுக்குகள் நிரம்பின, ஒவ்வொரு வளாகமும் புதிய நூலகக் கட்டடம் கேட்டது. பல்கலைக்கழகம் முழுமைக்குமான நூலகத் திட்டப் பொறுப்பிலிருந்த ஸ்டீபன் சால்மன் 1977இல் ஓர் அறிக்கை அளித்தார். 1978 முதல் 1988 வரையிலான பத்தாண்டுத் திட்டம் அது. நூலகங்களின் வரலாற்றில் இதைப்போல் பயன் விளைத்த அறிக்கைகள் அரியன என்பது என் கருத்து.

அதன் சாரம் இவ்வளவே. அரிதாக எடுக்கப்படும் நூல்களை வளாகந்தோறும் வைத்துக் காப்பது வீண். வடக்கே ஒன்றும் தெற்கே ஒன்றுமாக இரு பொதுச் சேமிப்பகங்கள் கட்டி அவற்றை அங்கே அனுப்ப வேண்டும். எந்நூல் எங்குள்ளது என்று எந்த வளாகத்திலிருந்தும் அறியக் கணினிவழிப் பொதுப்பட்டி ஒன்று வேண்டும். கேட்ட நூல் விரைந்து வந்து சேர வேண்டும். மூன்றும் ஒன்றையொன்று சார்ந்தவை. பட்டியின்றிச் சேமிப்பகம் கல்லறை. போக்குவரத்தின்றிப் பட்டி வெறுங்கனவு.

எதிர்ப்பு கடுமையாக இருந்தது. குறிப்பாகப் பேராசிரியர்கள் கொதித்தனர். அவர்கள் சொன்ன காரணம் நம் மூத்த உறுப்பினர் சொன்னதேயாகும். ஒரு நூலைத் தேடி அடுக்கின் முன் நிற்கும்போது, அதன் அண்டையில் இருக்கும் வேறொரு நூல் கண்ணில் படுகிறது; ஆராய்ச்சியின் திருப்பங்கள் பல அவ்வாறே நேர்கின்றன. சேமிப்பகத்திலோ நூல்கள் பொருள்வகைப்படி அடுக்கப்படுவதில்லை. உயரம் பார்த்து அடுக்கப்படுகின்றன. ஒரே அளவுள்ள நூல்கள் ஒரே தட்டில் இருந்தால் இடம் சிறிதும் வீணாகாது. அதனால் அங்கே கம்பராமாயண ஆராய்ச்சிக்குப் பக்கத்தில் கால்நடை மருத்துவ அறிக்கை நிற்கலாம். எண்ணைச் சொன்னால் பணியாளர் எடுத்துத் தருவார். வாசகன் உலாவ இயலாது.

சீர்காழியில் பிறந்து 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான அரங்கநாதன் 1931இல் வெளியிட்ட ஐந்து விதிகள் இவ்வழக்கில் இரு கட்சிக்கும் சாட்சி கூறுகின்றன. வாசகனின் நேரத்தைக் காக்கச் சொல்லும் நான்காம் விதி பேராசிரியர் பக்கம். நூலகம் வளரும் உயிர் என்னும் ஐந்தாம் விதி சால்மன் பக்கம். வளரும் உயிருக்கு இடம் வேண்டுமே! நூல்களைப் பொருள்வகையில் அண்டை அண்டையாக வைக்கும் கலைக்கே தம் வாழ்நாளை அளித்த அரங்கநாதன், உயரம் பார்த்து அடுக்கிய சேமிப்பகத்தைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எண்ணிப் பார்ப்பதுண்டு. மனம் நொந்திருப்பார், பிறகு அதன் பட்டியைச் சீராக்க உட்கார்ந்திருப்பார்.

வடசேமிப்பகம் பெர்க்கிலிக்கு அருகே ரிச்மண்ட் நகரில், விரிகுடாக் கரையோரம், 1980களின் தொடக்கத்தில் திறக்கப்பட்டது. தென்சேமிப்பகம் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்திலேயே 1987இல் எழுந்தது. வெப்பமும் ஈரமும் கட்டுக்குள் வைக்கப்பட்ட, சன்னல் குறைந்த கட்டடங்கள். பின்னர் இரண்டிலும் ஒரு விதி வந்தது: ஒரு நூலுக்கு ஒரு படி போதும், வைக்கப்பட்ட படி நிலையாக அங்கேயே இருக்கும், வைத்த வளாகம் திரும்பப் பெற்றுக் கழித்துவிடலாகாது. மூன்றே சொற்றொடர்களில் அடங்கும் இவ்விதியே அனைத்துக்கும் கடைக்கால் என்பேன். ஒரு வளாகம் தன் படியைக் கழிக்கத் துணிவது, மற்றொரு படி என்றும் இருக்கும் என்ற உறுதி கிடைத்தால்தான். அவ்வுறுதி எழுத்தில் இல்லாதவரை ஒருவரும் தம் அலமாரியைத் திறக்கமாட்டார்.

மெல்வில் என்னும் பட்டி

பொதுப்பட்டியின் முன்மாதிரி 1981இல் வாசகர் கைக்கு வந்தது. நூல்களைப் பத்துப் பத்தாக வகுத்த மெல்வில் டூயியின் நினைவாக ‘மெல்வில்’ என்று பெயரிட்டார்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலைத் திருத்துவதில் பித்துக் கொண்டிருந்த டூயி தம் பெயரின் எழுத்துகளையே குறைத்துக்கொண்டவர். அவர் பெயரைத் தாங்கிய பட்டிக்கோ வேறொரு புதிய எழுத்துக்கூட்டலைக் கொடுத்தார்கள்! நூலகர்களுக்கும் குறும்பு உண்டு.

இன்றைய இளைஞருக்கு அதன் அருமை புலப்படாது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. தேடுக என்ற கட்டளையும், ஆசிரியரா தலைப்புச் சொல்லா என்பதைக் குறிக்கும் ஈரெழுத்துக் குறியும் தட்ட வேண்டும். ஆயினும் ரிவர்சைடில் அமர்ந்திருக்கும் மாணவி பெர்க்கிலியின் அடுக்கில் ஒரு நூல் இருப்பதை நொடியில் அறிந்தாள். அதற்கு முன் அந்த அட்டைப் பெட்டியின் முன்னால் நின்றாலன்றி அறிய வழியில்லை. பிற்பாடு கணினி வலையமைப்பு பரவியபோது, உலகின் எந்த மூலையிலிருந்தும் எவரும் கட்டணமின்றி மெல்விலைப் பார்க்க முடிந்தது.

1990களின் தொடக்கத்தில் மாநிலத்தைப் பொருளாதார முடை வாட்டியது. ஆய்விதழ்களின் சந்தா ஏறிக்கொண்டே போக, வளாகங்கள் அவற்றை வெட்டத் தொடங்கின. ஒரு வளாகம் வெட்டிய இதழை மற்றொரு வளாகமும் வெட்டிவிட்டால்? பொதுவாக எண்ண வேண்டிய கட்டாயம் மீண்டும் வந்தது. 1997இல் கலிபோர்னிய மின்னணு நூலகம் என்ற அமைப்பு நிறுவப்பட்டு, 1999 சனவரியில் வாசகர்க்குத் திறந்தது. அதற்குத் தனி வளாகம் இல்லை, அடுக்கு இல்லை. அனைத்து வளாகங்களின் சார்பிலும் இதழ்களுக்கு ஒரே ஒப்பந்தம் பேசுவது அதன் முதற் கடமை. 2005இல் பத்தாவது வளாகமாக மெர்சட் தோன்றியபோது, 1960களில் செய்ததுபோல் பல்லாயிரம் தொகுதிகளை வாங்கிக் குவிக்கவில்லை. சிறிதளவே அச்சு நூல்கள் வாங்கி, மற்றவற்றிற்கு ஏனைய ஒன்பதையும் நம்பியது. நாற்பதாண்டில் எண்ணம் எவ்வளவு மாறியது என்பதை மெர்சட்டின் அடுக்குகளை எண்ணியே அளக்கலாம்.

சேர்ந்து பேசுவதன் வலிமை 2019இல் வெளிப்பட்டது. எல்செவியர் என்னும் பெரிய இதழ்ப் பதிப்பகத்திற்குப் பல்கலைக்கழகம் ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் கொடுத்துவந்தது. தம் ஆசிரியர்களின் கட்டுரைகளை உலகோர் இலவசமாகப் படிக்க வேண்டும் என்று கேட்டு, உடன்பாடு எட்டாமற்போகவே, பிப்ரவரி 28இல் பேச்சை முறித்துக்கொண்டார்கள். புதிய இதழ்கள் ஆய்வாளர்க்கு நிறுத்தப்பட்டன. ஈராண்டு கழிந்து 2021 மார்ச்சில், கேட்டதைப் பெரும்பாலும் பெற்று உடன்பாடு கண்டார்கள். ஒரு வளாகம் தனித்து நின்றிருந்தால் ஒரு மாதம்கூடத் தாக்குப் பிடித்திராது.

ஆனைக்குட்டி நினைவு

2006இல் கூகுள் நிறுவனத்துடன் நூல்களை ஒளிப்படியெடுக்கும் ஏற்பாட்டில் பல்கலைக்கழகம் சேர்ந்தது. சேமிப்பகங்கள் இருந்ததால் வேலை எளிதாயிற்று. பல இலட்சம் நூல்களைப் பத்து ஊர்களில் பொறுக்க வேண்டியிருக்கவில்லை. அவ்வாறு எடுத்த படிகளைத் தனியாரிடமே விட்டுவிடாமல் காக்க, வேறு பல்கலைக்கழகங்களுடன் கூடி 2008இல் ஹாதிடிரஸ்ட் என்னும் பொதுக் களஞ்சியத்தை அமைத்தார்கள். ஹாதி என்பது இந்தியில் யானை. மறவாத விலங்கென்று கருதி அப்பெயரை வைத்தார்கள்.

பதிப்புரிமை தீராத நூல்களை அக்களஞ்சியத்தில் தேடலாம், படிக்க இயலாது. சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்ற எண் மட்டும் கிடைக்கும். 2020இல் பெருந்தொற்றால் நூலகங்கள் மூடப்பட்டபோது இதற்கு ஒரு விதிவிலக்கு வந்தது. ஒரு நூலகம் அச்சுப்படி வைத்திருந்தால், அப்படிக்கு ஈடாக அதன் மின்படியை ஒருவருக்கு ஒரு நேரத்தில் திறந்து காட்டலாம் என்றனர். அச்சுப்படியைக் கழித்தவர்க்கு இவ்வுரிமை இல்லை. கணினி வந்தபின் காகிதம் எதற்கு என்று கேட்டவர்கள் விடையைக் கண்ட ஆண்டு அது. ரிச்மண்டில் யாரும் கேட்காமல் பல்லாண்டு நின்ற படிகளே ஊரடங்கின்போது வீட்டிலிருந்த மாணவர்க்குத் திரையில் வந்தன.

2021 சூலை 27இல் பத்து வளாகங்களும் சேமிப்பகங்களும் ஒரே கணினி அமைப்புக்குள் வந்தன. நாற்பதாண்டு உழைத்த மெல்விலின் இடத்தைப் புதிய தேடுதளம் ஏற்றது. அதுவரை பொதுப்பட்டி ஒன்றாக இருந்தும் ஒவ்வொரு வளாகமும் தன் கணக்கைத் தனியே வைத்திருந்தது. சமையல் ஒன்று, உலை பத்து என்ற நிலை அன்றுதான் மாறிற்று. 1977இல் சால்மன் தீட்டிய கருத்து முற்றுப்பெற நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஆயின. ரோவெல் பதவியில் இருந்த காலமும் அவ்வளவே.

நம் வட்டத்தின் பொதுப்பட்டிக்கு இப்போது நான்கு வீடுகளின் நூல்கள் ஏறியுள்ளன. இரண்டு படியாக உள்ளவற்றில் எதனை வைப்பது, எதனைக் கொடுப்பது என்ற பேச்சை வேண்டுமென்றே ஒத்திவைத்திருக்கிறோம். ஒரு படி என்றும் எங்கே இருக்கும் என்பதை முதலில் எழுத்தில் வகுத்த பிறகே அதனை எடுப்பதாக முடிவு. மூத்த உறுப்பினர் தம் அலமாரியை இன்னும் திறக்கவில்லை. பட்டியலை மட்டும் தம் கைப்பட எழுதித் தருவதாகச் சென்ற வாரம் சொல்லியனுப்பினார். முதல் இரண்டு தட்டுகளுக்கு உரிய தாள்கள் வந்து சேர்ந்துவிட்டன.